அட்டவணையும் வலையமைப்பும்

ஒரு துறையினர் தம் தேவைக்கெனத் திரட்டிய செய்திகளை வேறொரு துறையினர் தம் தேவைக்கேற்ப மாற்றி எடுத்தாளுதல் இக்காலத்தில் நாடோறும் நிகழுஞ் செயலாகும். கணக்காளர் எழுதிய பட்டியலைப் பொறியியலாளர் வாங்குகின்றார். நில அளவையாளர் குறித்த எண்களை நீர்வழங்குவோர் வாங்குகின்றனர். ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குச் செய்திகளைப் பெயர்த்தல் பார்வைக்கு எழுதுவினைஞரின் எளிய வேலைபோலத் தோன்றும். ஆயின் அவ்வேலையில் மறைந்து நிற்கும் பிழையொன்று ஓர் ஊர் முழுவதையும் தாகத்தில் விட வல்லது. கணினி விரிதாள்களில் உள்ள தரவுகளை வலையமைப்பு மாதிரி மென்பொருளுக்கு ஏற்ப மாற்றும் முறை யாது, அதிலே விழிப்புடன் நோக்கற்பாலன எவை என்பவற்றை, மண்டைதீவையும் அதனை அடுத்த தீவுகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவகமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை நிலத்தினுட் சென்று சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் தங்குகின்றது. அதனையே கிணறுகள் நமக்குத் தருகின்றன. கடல் சூழ்ந்த தீவுகளிலோ இந்நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கும். கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவர் கண்ட விதியின்படி, நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை அது பரந்திருக்கும். மேலே 1 அடி குறையுமாயின் கீழே 40 அடி குறையும் என்பதும் அவ்விதியிலிருந்தே பெறப்படும். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உவர்த்துப்போவதன் காரணம் இதுவே.

ஆதலின், குடாநாட்டுக்கும் தீவகத்துக்கும் குழாய்வழி நீர் வழங்கும் முயற்சி இன்றியமையாததாயிற்று. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கிழக்குக் கரையிலுள்ள தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரவல்ல கடல்நீர் நன்னீராக்கு நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நன்னீரை ஆக்கினால் மட்டும் போதாது. ஆக்கிய நீர் குழாய்களினூடே ஓடித் தொலைவிலுள்ள வீட்டின் வாயிலைப் போதிய அமுக்கத்துடன் சென்றடைதல் வேண்டும். சென்றடையுமா என்பதனைக் குழாயைப் புதைப்பதற்கு முன்னரே கணித்தறிதல் பொறியியலாளர் கடன். அக்கணிப்புக்கு உதவும் கருவியே வலையமைப்பு மாதிரி.

வலையமைப்பு என்பது யாது?

பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பேர்க் நகரை ஆறொன்று நான்கு நிலப்பகுதிகளாகப் பிரித்திருந்தது. அவற்றுள் ஒன்று தீவு. அவற்றை 7 பாலங்கள் இணைத்தன. ஒரு பாலத்தையும் இருமுறை கடவாது, ஏழையுங் கடந்து வரலாகுமா என்னும் வினாவை 1736ஆம் ஆண்டளவில் ஒயிலர் என்னும் கணித மேதை ஆராய்ந்தார். நிலத்தின் பரப்பு, ஆற்றின் அகலம், பாலத்தின் நீளம் ஆகிய யாவற்றையும் அவர் ஒதுக்கினார். எது எதனோடு இணைந்துள்ளது என்னும் ஒன்றனையே கைக்கொண்டு, அவ்வாறு நடத்தல் இயலாதென நிறுவினார். நிலப்பகுதி ஒரு கணு. பாலம் ஓர் இணைப்பு. கணுக்களும் இணைப்புகளுஞ் சேர்ந்ததே வலையமைப்பு.

நமது தீவகம் இக்கருத்தை விளக்கத்தக்க இயற்கைப் பாடநூல் எனலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி மண்டைதீவை இணைக்கின்றது. அதன்வழியே அல்லைப்பிட்டியும் வேலணையும் தொடர்கின்றன. வேலணையிலிருந்து மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கின்றது. புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுகின்றோம். இத்தொடரில் மண்டைதீவு என்னுங் கணுவை நீக்கிப் பாருங்கள். அப்பாலுள்ள தீவுகளுக்குப் பண்ணை வழியே செல்லுந் தரைவழி முற்றாக அறுந்துவிடும். பரப்பாற் சிறிய ஊரே இணைப்பாற் பெரியதாகின்றது. இவ்வுண்மையை நிலப்படம் எளிதிற் காட்டாது, வலையமைப்புக் காட்டும்.

நீர்க்குழாய் வலையமைப்பைக் கணிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் மென்பொருள் ஈபாநெட் என்பதாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் இதனை 1993ஆம் ஆண்டில் வெளியிட்டது. விலையின்றி எவரும் இதனைப் பெறலாம். சந்திகள், நீர்த்தேக்கங்கள், தாங்கிகள் என்பன இதிற் கணுக்கள். குழாய்கள், பம்பிகள், வால்வுகள் என்பன இணைப்புகள். இவ்விவரங்களையெல்லாம் சதுர அடைப்புக்குறித் தலைப்புகளின்கீழ் வரிவரியாக எழுதிய வெறும் எழுத்துக்கோப்பு ஒன்றை அம்மென்பொருள் வாசித்து, ஒவ்வொரு கணுவிலும் நிற்கும் அமுக்கத்தையும் ஒவ்வொரு குழாயிலும் ஓடும் நீரின் அளவையும் கணித்துச் சொல்லும்.

அட்டவணையின் இயல்பு

ஆனால் நம் கையில் முதலில் உள்ளது அக்கோப்பன்று. எக்செல் போன்ற விரிதாளில் எழுதிய அட்டவணையே. 1979ஆம் ஆண்டில் விசிகால்க் என்னும் முதல் விரிதாள் மென்பொருள் விற்பனைக்கு வந்த நாள்தொட்டு, அலுவலகங்களின் கணக்குப் புத்தகமாக இவ்வகைக் கருவியே விளங்குகின்றது. நிரையும் நிரலுமாக அமைந்த அதன் கட்டங்களில் எதனையும் எழுதலாம். அந்த உரிமையே அதன் நன்மை. அதுவே அதன் குறையும் ஆகும்.

அட்டவணை பொருள்களை எண்ணுகின்றது. வலையமைப்பு உறவுகளைச் சொல்லுகின்றது. பண்ணையிலிருந்து வேலணை வரை ஒரே விட்டமுள்ள குழாய் ஒரே ஒப்பந்தத்திற் புதைக்கப்பட்டதாயின், கணக்காளர் அதனை ஒரு நிரையிலே எழுதுவார். கணக்குக்கு அது சரியே. ஆயின் இடையில் மண்டைதீவுக்கும் அல்லைப்பிட்டிக்கும் கிளைக்குழாய்கள் பிரியுமாயின், வலையமைப்புக்கு அக்குழாய் ஒன்றன்று, மூன்று. பிரியும் இடந்தோறும் ஒரு கணு இட்டு, அந்நிரையை மூன்று நிரைகளாகப் பிரித்தல் வேண்டும். பிரியாது விட்டால், கிளைக்குழாய்கள் நீர் பெறும் வாயின்றித் தனித்து நிற்கும். இதனாலேயே தரவுகளைப் பெயர்த்தல் வெறும் படியெடுப்பு ஆகாது என்கின்றோம்.

பெயரால் வரும் இடர்

விளக்கத்தின் பொருட்டுக் கற்பனையாகச் சிறியதோர் அட்டவணையை அமைப்போம். இது மெய்யான குழாய்ப்படம் அன்று.

குழாய் 1: பண்ணை முதல் மண்டைதீவு வரை
குழாய் 2: மண்டைத்தீவு முதல் அல்லைப்பிட்டி வரை
குழாய் 3: அல்லைப்பிட்டி முதல் வேலணை வரை
குழாய் 4: வேலணை முதல் புங்குடுதீவு வரை

வாசிப்பவர் இதிலே குறை காணார். ‘மண்டைதீவு’ எனவும் ‘மண்டைத்தீவு’ எனவும் ஓரூரின் பெயரையே இருவாறு எழுதுதல் நம்மிடையே வழக்கு. கணினிக்கோ இவை இரண்டு ஊர்கள். முதற்குழாய் ஓர் ஊரில் முடிகின்றது. இரண்டாங்குழாய் வேறோர் ஊரிலே தொடங்குகின்றது. பண்ணையிலிருந்து புறப்பட்ட நீர் மண்டைதீவோடு நின்றுவிட, அல்லைப்பிட்டியும் வேலணையும் புங்குடுதீவும் நீர்மூலத்தோடு தொடர்பற்றுப் போகின்றன. ஒற்றெழுத்து ஒன்று மூன்று ஊர்களைத் துண்டித்துவிட்டது.

கணுக்களின் பட்டியல் தனியே எழுதப்பட்டிருப்பின், பட்டியலில் இல்லாத பெயரைக் கண்ட மென்பொருள் பிழையென அறிவிக்கும். குழாய்ப் பட்டியலிலிருந்தே கணுக்களைத் தானாகத் தொகுக்கும் முறையைக் கையாண்டால், இரு பெயரும் கணுக்களாக ஏற்கப்பட்டுவிடும். வேலணையில் ஒரு தாங்கியும் மாதிரியிற் சேர்க்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அறுந்த பகுதிக்கு அத்தாங்கியே நீர்மூலமாக அமைய, மென்பொருள் யாதொரு முறைப்பாடுமின்றித் தவறான விடையைத் தந்துவிடும்.

ஓரிடத்துக்குப் பல பெயர் இருத்தலும் நம் தீவகத்தின் வரலாற்று இயல்பு. நெடுந்தீவை ஒல்லாந்தர் டெல்வ்ற் என்றனர். வேலணைத் தீவை லைடன் என்றனர். நயினாதீவைச் சிங்கள மக்கள் நாகதீபம் என்பர். ஊர்காவற்றுறை ஆங்கிலத்திற் கயிற்ஸ் எனப்படும். ஓர் அலுவலகத்தின் பட்டியலில் ஒரு பெயரும் மற்றோர் அலுவலகத்தின் பட்டியலில் இன்னொரு பெயரும் இருப்பின், இரண்டும் ஒன்றென்பதைக் கணினி தானே அறியாது. இதற்கு எதிரான இடரும் உண்டு. ‘பிள்ளையார் கோயிலடி’ இல்லாத ஊர் நம்மிடையே அரிது. இரண்டு ஊர்களின் கோயிலடிகள் ஒரே பெயரோடு பட்டியலில் ஏறினால், கணினி அவற்றை ஒரே சந்தியாகக் கொண்டு, கடலுக்கு அப்பாலுள்ள ஊரின் நீரை இவ்வூரிற் பாயவிடும்.

எழுத்தால் வரும் இடர்

தமிழெழுத்தைக் கணினியில் ஏற்றும் முறைகளாலும் நமக்கெனத் தனியான சில இடர்கள் உள. ஈழத்தில் நெடுங்காலம் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவிற் காண்பது தமிழாயினும், உள்ளே சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அம்முறையில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கில அரைப்புள்ளியின் இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஈபாநெட்டோ அரைப்புள்ளியைக் கண்டதும் அவ்வரியின் எஞ்சிய பகுதியைக் குறிப்புரையெனக் கருதித் தள்ளிவிடும். ஆகவே பாமினியில் எழுதிய மண்டைதீவு, ‘மண’ என்னும் அளவோடு அறுந்துபோம்; அதன் பின்னே எழுதிய நீளம், விட்டம் ஆகியனவும் உடன் மறையும்.

யுனிகோட் முறைக்கு மாற்றிவிட்டால் இவ்விடர் நீங்கும், வேறிரண்டு எஞ்சும். ‘கோப்பாய்’ என்பதன் முதலெழுத்தை ஓகாரக் குறியை ஒன்றாகச் சேர்த்தும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சேமிப்பில் இரண்டும் வேறு. மற்றொன்று பெயரின் நீளம். ஈபாநெட் ஒரு பெயருக்கு 31 இடங்களே தருகின்றது. வழக்கிலுள்ள யுனிகோட் சேமிப்பு முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 இடங்களைக் கொள்ளும். ‘மண்டைதீவு’ 9 குறிகளால் 27 இடங்கொண்டு அமைந்துவிடும். ‘மண்டைத்தீவு’ 11 குறிகளால் 33 இடம் வேண்டி எல்லையைக் கடந்துவிடும். சொல்லின் நடுவே இடைவெளி விடுதலும் அம்மென்பொருளுக்கு ஒவ்வாது.

எண்ணால் வரும் இடர்

பெயரைவிட எண் நம்பத்தக்கதென்பது பொதுவான எண்ணம். விரிதாளில் அஃதும் முற்றும் உண்மையன்று. 3ஆம் சந்திக்கும் 4ஆம் சந்திக்கும் இடைப்பட்ட குழாய்க்கு ‘3-4’ எனப் பெயரிட்டால், விரிதாள் அதனைத் திகதியெனக் கருதி மாற்றிவிடும். ‘007’ என்னுங் குறி 7 ஆகிவிடும். இவ்வகை மாற்றத்தால் மரபணுக்களின் பெயர்கள் திகதிகளாகிவிடும் தொல்லை பெருகியமையால், அப்பெயர்களை வகுக்கும் அறிஞர் குழுவினர் 2020ஆம் ஆண்டில் சில பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே அந்நிரல்களை எண்ணாக அன்றி எழுத்தாகக் கொள்ளுமாறு விரிதாளுக்குக் கட்டளையிடுதலே இதற்குப் பரிகாரம்.

அலகு பற்றிய பிழை இதனினுங் கொடியது. கோப்பில் அலகைக் குறிப்பிடாது விட்டால், ஈபாநெட் அமெரிக்க அலகுகளையே கொள்ளும். நீளம் அடியாகும், விட்டம் அங்குலமாகும். 100 மில்லிமீற்றர் எனக் கருதி நாம் எழுதிய 100, அப்போது 100 அங்குலமாகிவிடும், அஃதாவது 2.54 மீற்றர். ஆள் நிமிர்ந்து நடக்கத்தக்க அக்குழாயில் உராய்வு ஏது? எல்லா வீட்டுக்கும் நிறைந்த அமுக்கத்துடன் நீர் செல்வதாக விடை வரும். தாளில் வளம், வீட்டில் வறட்சி. மறுதலையாக, 4 அங்குலக் குழாயை 4 மில்லிமீற்றர் எனக் கொண்டால், ஹேசன், வில்லியம்ஸ் என்போர் தந்த சூத்திரத்தின்படி உராய்வினால் இழக்கப்படும் அமுக்கம் ஏறக்குறைய 70 இலட்சம் மடங்காகும். விட்டத்தின் 4.87ஆம் அடுக்குக்கு நேர்மாறாக அவ்விழப்பு அமைதலே இதன் காரணம்.

70 இலட்சம் மடங்குப் பிழையை எவருங் கண்டுகொள்வர். சிறுபிழையே நம்மை ஏமாற்றும். 110 மில்லிமீற்றர் எனச் சந்தையில் விற்கப்படும் பொலித்தீன் குழாயின் அந்த அளவு வெளிவிட்டம். சுவரின் தடிப்பு 6.6 மில்லிமீற்றராயின் உள்விட்டம் 96.8 மில்லிமீற்றரே. கொள்வனவுப் பட்டியலிலுள்ள 110ஐ அப்படியே மாதிரியில் இட்டால், மெய்யான அமுக்க இழப்பு நாம் கணித்ததன் 1.86 மடங்காகிவிடும். விடையைப் பார்த்த மாத்திரத்தில் இப்பிழை தென்படாது. குழாயின் கடைக்கோடியில் வாளியுடன் நிற்பவரே அதனை அறிவர்.

வெற்றுக் கட்டமும் இத்தகையதே. உயரம் எழுதாது விடப்பட்ட கட்டத்தைப் பல மாற்றுக் கருவிகள் 0 எனக் கொள்ளும். ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு 0 என வந்தால் எவருந் திடுக்கிடுவர். கடல்மட்டத்தை ஒட்டிய மண்டைதீவுக்கு 0 என்பது பொருத்தமானதாகவே தோன்றும். அளந்தறிந்த 0 எது, அளவாமையால் வந்த 0 எது என்பது பின்னர் எவர்க்கும் விளங்காது.

இடத்தைக் குறித்தல்

ஒவ்வொரு கணுவுக்கும் ஆள்கூறுகள் வேண்டும். மண்டைதீவு ஏறக்குறைய 9.6 பாகை வட அகலக்கோட்டிலும் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டிலும் உள்ளது. நிலப்படம் வாசிப்போர் அகலக்கோட்டை முதலிற் சொல்வர். கணித முறையிற் கிடையச்சின் அளவாகிய நெடுங்கோடே முதலில் வரும். இவ்வொழுங்கை மறந்து மாற்றி எழுதினால், நம் தீவு வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் வடமேற்குக் கடலிற்போய் நிற்கும்.

இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் மீற்றர் முறை ஆள்கூறுகளைப் பயன்படுத்துவோர்க்கு மற்றோர் எச்சரிக்கை வேண்டும். பழைய முறையில் தொடக்கப் புள்ளிக்கு 200,000, 200,000 என்னும் எண்கள் இடப்பட்டன. 1999ஆம் ஆண்டின் புதிய முறையில் அவை 500,000, 500,000 ஆயின. பழைய எண்களைப் புதியவை எனக் கொண்டால், மண்டைதீவு 300 கிலோமீற்றர் மேற்கும் 300 கிலோமீற்றர் தெற்குமாக விலகிக் கன்னியாகுமரிக்குத் தெற்கே நடுக்கடலில் அமையும். குழாயின் நீளத்தை ஆள்கூறுகளிலிருந்தே கணிக்குமாறு விட்டிருந்தால், இரு முறைகளையுங் கலந்தமையால் வரும் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றராகும்.

மாற்றும் முறை

இவ்விடர்களையெல்லாம் நோக்கி, மாற்றும் முறையைப் பின்வருமாறு ஒழுங்குபடுத்தலாம்.

முதலாவது, வாங்கிய அட்டவணையின் மூலத்தைத் தொடாது காத்துப் படியொன்றிலேயே வேலை செய்தல் வேண்டும்.

இரண்டாவது, பெயர்ப்பேரேடு ஒன்று அமைத்தல் வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணுஞ் சேர்ந்த குறுங்குறி ஒன்றை இட்டு, அவ்விடத்துக்கு வழங்கும் பெயர்கள் யாவற்றையும் அக்குறிக்கு நேரே எழுதுக. மென்பொருளுக்குச் செல்வது குறி. மக்களுக்குரிய தமிழ்ப்பெயர் பேரேட்டில் நிற்கும்.

மூன்றாவது, கணுக்களுக்கு ஓர் அட்டவணையும் இணைப்புகளுக்கு ஓர் அட்டவணையுமாகப் பிரித்தல் வேண்டும். கிளை பிரியும் இடந்தோறும் குழாயைத் துண்டாக்குக. ஒரு கட்டத்தில் ஒரு செய்தியே இருத்தல் வேண்டும், ‘100 மி.மீ., பழையது’ என்பது ஒரு கட்டத்துக்கு ஆகாது.

நான்காவது, அலகுகளை நிரலின் தலைப்பிலேயே எழுதி ஒருமைப்படுத்துதல் வேண்டும். 500 குடும்பம், குடும்பத்துக்கு 4 பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் எனக் கொண்டால், ஊரின் நாள்தேவை 240,000 லீற்றர். இதனை ஒரு நாளின் 86,400 விநாடிகளால் வகுக்க, விநாடிக்கு 2.78 லீற்றர் வரும். மென்பொருள் வேண்டுவது இவ்வெண்ணையே. காலை வேளையிலே தேவை பெருகுமாதலின் அதற்குரிய பெருக்கத்தைத் தனியே தருக.

ஐந்தாவது, காற்புள்ளியாற் பிரித்த எழுத்துக்கோப்பாகச் சேமித்தபின், அக்கோப்பை எளிய எழுத்துப்பதிப்பானிலே திறந்து கண்ணாற் பார்த்தல் வேண்டும். ‘1,250’ என எழுதிய எண் 1 எனவும் 250 எனவும் பிரிந்துபோயிற்றா என்பது அங்கே தெரியவரும்.

ஆறாவது, எண்ணிச் சரிபார்த்தல். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் குழாய்களின் மொத்த நீளம் ஒன்றாதல் வேண்டும். நிரைகளின் தொகை மாறினால் மாறியதற்குக் காரணம் காட்டுதல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கொரோனாத் தொற்றாளர் 15,841 பேரின் விவரம் உரிய வேளையில் அறிக்கையில் ஏறாது போயிற்று. 65,536 நிரைகளுக்குமேல் ஏற்காத பழைய விரிதாள் வடிவமே அதற்குக் காரணம் எனப் பின்னர் கண்டனர். எண்ணும் பழக்கம் இருந்திருப்பின் அன்றே அது வெளிப்பட்டிருக்கும்.

வலையமைப்புக்கெனச் சிறப்பான எண்ணற் சோதனை ஒன்றும் உண்டு. வளையமின்றிக் கிளைத்துச் செல்லும் குழாய்த்தொகுதி முழுவதும் ஒன்றாய் இணைந்திருந்தால், கணுக்களின் தொகை குழாய்களின் தொகையிலும் ஒன்று கூடியிருக்கும். மேலே தந்த அட்டவணையிற் குழாய் 4. கணு 5 ஆதல் வேண்டும். ஆனால் இரு எழுத்துவழக்கால் கணு 6 ஆயிற்று. 6இலிருந்து 4ஐக் கழிக்க 2. அஃதாவது நம் வலையமைப்பு இரண்டு துண்டாய்க் கிடக்கின்றது. எட்டாம் வகுப்பு மாணவனுஞ் செய்யத்தக்க இக்கழித்தல், அறுந்த தீவை நமக்குக் காட்டிவிடுகின்றது.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், கணினியின் விரைவும் சூத்திரத்தின் நுட்பமும் தரவின் தூய்மையைச் சார்ந்தே நிற்பன என்பது பெறப்படும். குறிகளை ஒப்பிடுதல் கணினிக்கு எளிது. இரு பெயர் ஓரூரைக் குறிக்குமா என்று தீர்மானித்தல் ஊரறிந்தோர்க்கே இயலும். தொலைவிலுள்ள தலைநகரின் அலுவலகத்தில் இருந்து அட்டவணையை மாற்றுபவர் எத்துணை வல்லுநராயினும், மண்டைதீவும் மண்டைத்தீவும் ஒன்றென்பதையோ, இரு கோயிலடிகள் வெவ்வேறென்பதையோ தாமாக அறியார். அவ்வறிவை அவருக்குத் தர வேண்டியவர் இம்மண்ணிற் பிறந்து வளர்ந்தோரே.

ஆதலின், நம் மாணவர் கணினியைக் கற்குங்கால் தம் ஊரையுங் கற்பாராக. தம் ஊரின் சந்திகள், ஒழுங்கைகள், கிணறுகள், தாங்கிகள் ஆகியவற்றின் பெயர்களையும், அவை எவற்றோடு இணைந்துள்ளன என்பதையும் திரட்டிப் பேரேடு ஒன்று ஆக்குவாராயின், அது வகுப்பறைப் பயிற்சியாக மட்டும் நில்லாது, நாளை குழாய் புதைக்க வருவோர்க்கும் பயன்படும் பொதுச் செல்வமாகும். ஆசிரியர்கள் அதற்கு வழிகாட்டுதலும், பொறியியற் பணியிலுள்ள பழைய மாணவர்கள் அதனை ஏற்றுப் பயன்கொள்ளுதலும் நன்று. சந்தியும் ஒழுங்கையும் தன் பெயரோடு சரியாக எழுதப்பட்ட ஊருக்கே நீரும் தடையின்றி வந்துசேரும்.